எழுத்து வறுமை

வாங்கம்மா, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. போன்ல பேரு என்ன சொன்னீங்க? யாழினியா? எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க. ம். பரவாயில்லை, ழகரம் சுத்தமா வருது. மெட்ராஸ்ல இருந்து வர்றேன்னதும் ‘யாளினி’ன்னுதான் சொல்லப்போறீங்கன்னு நினைச்சேன். கோவிச்சுக்காதீங்க. முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியரா இருந்தவன். யார் வாயைத் திறந்தாலும் என் காது முதல்ல எழுத்தைத்தான் பிடிக்கும், சேதி அப்புறம்தான்.

என் பேரு தெரியும்ல? வித்துவான் திருநாவுக்கரசு. நாவுக்கு அரசுன்னு அர்த்தம். பேருக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்னு இருந்துட்டேன். வீட்டுல பேசுறப்போ நானும் கொச்சைதான் பேசுறேன், கேட்கிறீங்கல்ல? ஆனா ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘பார்த்தேன்’னு சொல்றப்போ அந்த ரகரத்தை விழுங்க மாட்டேன். ஊரு முழுக்க ‘பாத்தேன்’னுதான் சொல்லும். என் சம்சாரம் தையல்நாயகி இருக்காளே, நான் வெளியே கிளம்பினா ‘பாத்துப் போங்க’ம்பா. நான் வாசல்ல நின்று ‘பார்த்து’ன்னு திருத்திட்டுத்தான் செருப்பைப் போடுவேன். ஐம்பத்தொன்பது வருஷமா திருத்துறேன். அவளும் மாறல, நானும் மாறல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நூற்றாண்டு மலர் போடுறீங்க. யாருக்கு? டிரில் மாஸ்டர் மாசிலாமணிக்கு. மழலைக் கவியாம். பூங்காவுல சிலை வைக்கப் போறாங்களாம், கழுத்துல விசிலோட. விசில் ஊதினவனுக்குச் சிலை வைக்கிற ஊரு இது. அவன் இவன்னு சொல்றேனேன்னு பார்க்காதீங்க. என்னைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவன்தான். இருந்தாலும் எனக்கு அவன்னுதான் வருது.

நீங்க போன்ல கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கு. ‘மல்லி யாரு ஐயா?’ வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேட்கிறாங்க. போன மாசம் ஒரு டிவிக்காரன் வந்து, மல்லி யாரு, மல்லி இருக்காங்களான்னு இதே இடத்துல உட்கார்ந்து கேட்டான். ஐம்பது வருஷமா தமிழ்நாட்டுப் பிள்ளைங்க பாடுற மல்லி நிஜமா இருந்தாளான்னு எல்லாருக்கும் ஒரு ஆசை. நான் சொல்றேன், எழுதிக்கங்க. மல்லின்னு ஒருத்தியும் கிடையாது. அவன் வீடும் என் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவுல ஒரே சுவர். அவனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. எங்க தெருவுல மல்லின்னு ஒரு பெண் கிடையாது. பூக்காரி பேருகூட கோவிந்தம்மாதான். வெறும் கற்பனை. போதுமா?

நான் உங்களை வரச் சொன்னது வேற விஷயத்துக்கு. இந்தக் கவரைப் பிடிங்க. பதினாறு பக்கம் இருக்கு. கட்டுரை. எழுபத்தி நாலுல எழுதினது. நாலு பத்திரிகைக்கு அனுப்பினேன், நாலு பேரும் திருப்பி அனுப்பிட்டாங்க. இதை நீங்க உங்க மலர்ல போடணும். மத்தவங்க எல்லாம் ஆஹா ஓஹோன்னு எழுதுவாங்க, ஒருத்தனாவது அந்த ஆளை உள்ளபடி எழுத வேண்டாமா? எனக்கு எண்பத்தேழு நடக்குது. இது ஒன்று அச்சுல வந்துட்டா நான் நிம்மதியாப் போய்ச் சேருவேன். வேற ஆசை எதுவும் பாக்கி இல்லை. தலைப்பைப் பாருங்க. ‘எழுத்து வறுமை.’

எதுக்கு அப்படி வெச்சேன்னு சொல்றேன். அதுக்கு முன்னால ஆளைப் பத்திச் சொல்லணும்.

காக்கி டிரவுசர், வெள்ளை பனியன், கழுத்துல கறுப்புக் கயிறு, கயித்துல பித்தளை விசில். இதுதான் உங்க கவிஞர். நாற்பது வயசுக்கு மேல டிரவுசர் போட்டுக்கிட்டு நடந்த ஒரே ஆளு எங்க ஸ்கூல்ல அவன்தான். சாயங்காலம் ஆனா அவன் வீட்டுக் கொல்லையில தெருப்பிள்ளைங்க எல்லாம் கூடிடும். அங்கே ஒரு கொய்யா மரம், அதுல கிளி வரும். அவன் என்ன பண்ணுவான் தெரியுமா? பஸ் ஓட்டுவான். உதட்டைக் குவிச்சு, நாக்கைத் துடிக்க விட்டு ‘டுர்ர்ர்ர்’னு. எச்சில் தெறிக்கும். பின்னாலேயே பத்துப் பிள்ளைங்க ‘டுர்ர்ர்ர்’னு. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து யாப்பு படிச்சுக்கிட்டு இருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் போகும். ஒரு நாள் எட்டிப் பார்த்துக் கேட்டேன். ‘மாசிலாமணி, இது என்ன கூத்து?’ன்னேன். ‘நாக்குக்கு டிரில் சார்’ங்கறான். நாக்குக்கு டிரிலாம். கையும் காலும் போதாதுன்னு நாக்குக்கும் டிரில் எடுக்கிற ஆளு.

என் பெண்ணும் அந்தக் கூட்டத்துல போய்ச் சேர்ந்துக்கும். எனக்கு ஒரே பெண். பரிமளம்னு பேரு, நான் வெச்ச பேருதான். பரிமளம்னா நறுமணம். எவ்வளவு பொருத்தமான பேரு. ஆனா அவளுக்கு அதைச் சொல்ல வராது.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, ஐம்பது வருஷத்துக்கு முந்தின கதை. அவளுக்கு ரகரம் வராது. ர வர்ற இடத்துல எல்லாம் ல வரும். மரம்னா ‘மலம்’. பேரு என்னன்னு கேட்டா ‘பலிமளம்’. பலி. ஒரு வித்துவான் வீட்டுல, விளக்கேத்துற நேரத்துல, நடு வீட்டுல பெண் குழந்தை வாயில இருந்து பலின்னு வருது. அப்பா பேரு என்னன்னு கேட்டா ‘திலுநாவுக்கலசு’. எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்டாஃப் ரூம்ல சிரிச்சாங்க. வித்துவான் வீட்டுத் தமிழைக் கேளுங்கன்னு நேருக்கு நேராவே சொன்னாங்க.

நான் சும்மா விட்டுடுவேனா? வசம்பு உரைச்சு நாக்குல தடவினேன். அது ஒன்றும் வேலைக்கு ஆகல. அப்புறம் நானே ஒரு வெண்பா எழுதினேன், ரகரப் பயிற்சிக்குன்னே. ‘பரியேறி வரும் அரசர்’னு ஆரம்பிக்கும். நாலடியில முப்பத்திரண்டு ரகரம். இன்னிக்கு எவன் எழுதுவான்? தினமும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அதைப் பிழையில்லாம சொன்னாத்தான் சாப்பாடு. அடிச்சதில்லை. ஒரு நாளும் கை நீட்டினதில்லை, அதையும் எழுதிக்கங்க. அவ ‘பலியேறி வலும்’னு ஆரம்பிப்பா. நான் ‘திரும்ப’ம்பேன். ‘பலியேறி.’ ‘திரும்ப.’ ஒரு மாசம் போச்சு. அப்புறம் அவ அதையும் சொல்றதை விட்டுட்டா. எதையுமே சொல்றதில்லை. கேட்டா தலையை ஆட்டுவா. பிடிவாதம். ஐந்து வயசுல அவ்வளவு பிடிவாதம், என் குணம்தான்.

வீட்டுல வாயே திறக்காத பெண், அடுத்த வீட்டுக் கொல்லையில போய் நிற்கும். மாசிலாமணி பெண்டாட்டி ஒரு சின்ன மஞ்சப் பையில நெல்லு போட்டுக் கொடுப்பா, இது கிளிக்கு இறைச்சுக்கிட்டு நிற்கும். அங்கே அவன் இவளை என்னென்னவோ பேரு சொல்லிக் கூப்பிடுவான். நான் வெச்ச பேரு அவன் வாயில வராது போல. நான் அதெல்லாம் காதுல போட்டுக்கல.

இப்போ புத்தகத்துக்கு வர்றேன். எழுபத்தி நாலுல ‘மல்லிப் பை’ன்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டான். அதுதான் முதல் புத்தகம். இருபத்தி நாலு பாட்டு. அட்டையில படம், உள்ளே பெரிய பெரிய எழுத்து. ஸ்டாஃப் ரூம்ல எல்லார் மேஜையிலயும் ஒன்று வெச்சான். எல்லாரும் பிரமாதம் பிரமாதம்னாங்க. ஹெட்மாஸ்டர் அசெம்பிளியில பாடவே சொல்லிட்டாரு. நான் மட்டும் சிவப்புப் பென்சிலோட உட்கார்ந்தேன். எத்தனை பிழை இருக்குன்னு எண்ணிடலாம்னுதான் உட்கார்ந்தேன்.

அந்தப் பாட்டு உங்களுக்கே மனப்பாடமா இருக்கும். இருந்தாலும் சொல்றேன்.

‘மல்லி கையில் என்ன பை?
மாமி தந்த நெல்லுப் பை.
நெல்லைத் தின்ன வந்த கிளி
என்னைப் பாத்துச் சொன்னதடி:
மெல்ல மெல்ல நீ பேசு,
மல்லி மல்லி, நீ பேசு.’

இதுல என்னம்மா இருக்கு? கிளிக்கு நாமதான் பேசக் கற்றுக்கொடுப்போம். இங்கே கிளி வந்து மனுஷக் குழந்தையைப் பேசச் சொல்லுதாம். எல்லாம் தலைகீழ். அதுக்கு மேல பாருங்க, ‘பாத்துச்’. அச்சுல. என் கண்ணு எரிஞ்சுபோச்சு. சிவப்புப் பென்சிலால அங்கே ஒரு ரகரம் போட்டேன். அடுத்த பாட்டுக்குப் போனா ‘சேத்து வெச்ச’ன்னு இருக்கு. அங்கேயும் ரகரம் இல்லை. என்னடா இது, இந்த ஆளு எங்கேயாவது ஒரு இடத்துல ரகரத்தை ஒழுங்காப் போட்டிருக்கானான்னு தேட ஆரம்பிச்சேன்.

தேடினேம்மா. இருபத்தி நாலு பாட்டும். ரெண்டு தடவை. அப்புறம் ஒரு அடிக்கோலை வெச்சு வரி வரியா. இல்லை. சின்ன ரகரமும் இல்லை, பெரிய றகரமும் இல்லை. புத்தகம் முழுக்க ஒன்றுகூடக் கிடையாது.

உங்களுக்கு இது புரியுதா? தமிழ்ல ‘ஒரு’ இல்லாம எவனாவது கதை சொல்ல முடியுமா? ஒரு ஊர்ல ஒரு ராஜான்னுதானே ஆரம்பிப்போம்? இவன் ‘அன்னிக்கு’ன்னு ஆரம்பிக்கிறான். குழந்தைப் பாட்டுப் புத்தகத்துல மரம் இல்லை. நரி இல்லை, குரங்கு இல்லை. பறவை இல்லை, கிளிதான் இருக்கு. காற்று இல்லை, சோறு இல்லை, சர்க்கரை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, திங்கள்ல ஆரம்பிச்சு சனியில நிற்கிறான், ஏழாவது நாளைக் காணோம். முதல் பக்கத்துல ‘ஆசிரியர்’னு போடணும்ல? ‘எழுதினது மாசிலாமணி’ன்னு போட்டிருக்கான். இரண்டு எழுத்தை மொத்தமா தொலைச்சுட்டு ஒருத்தன் கவிஞன்னு நடமாடுறான். அவனுக்கு அந்தச் சொல்லெல்லாம் தெரியவே தெரியாது, அதான் விஷயம். அவ்வளவுதான் சரக்கு. அன்னிக்கே உட்கார்ந்து எழுதினதுதான் இந்தப் பதினாறு பக்கம்.

முதல்ல அவனுக்கே படிச்சுக் காட்டினேன். முதுகுக்குப் பின்னால பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. ஸ்டாஃப் ரூம்ல, மதிய இடைவேளையில, முழுசும் படிச்சேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டான். முடிச்சதும் ‘நீங்க ஒருத்தர்தான் சார் கண்டுபிடிச்சீங்க’ன்னான். கண்ணு கலங்கி இருந்துச்சு. பின்னே, சுட்டா வலிக்கும்ல? அப்புறம் ‘ஏன்னு தோணலையா சார்?’னு கேட்டான். ‘வறுமை, வேற என்ன?’ன்னேன். விசிலை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்குப் போயிட்டான்.

என்னம்மா பேனாவைக் கீழே வெச்சுட்டீங்க? மை தீர்ந்துபோச்சா? இருங்க, இனிமேதான் முக்கியமானது.

அடுத்த வருஷம் திருச்சியில ஒரு பதிப்பகத்தார் இரண்டாம் வகுப்புக்குத் துணைப்பாட நூல் போட்டாங்க. மெய்ப்புத் திருத்துற வேலை என்கிட்ட வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா அதுல இந்தக் கிளிப்பாட்டு. ‘பாத்துச்’சை அடிச்சுட்டு ‘பார்த்துச்’னு போட்டேன். என் வேலை அது. எப்படியோ கேள்விப்பட்டு மாசிலாமணி வீட்டுக்கே வந்துட்டான். அதுவரைக்கும் அந்த ஆளு குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்னிக்கு இந்தக் கூடத்துல நின்று, ‘சார், உங்க காலைக்கூடப் பிடிக்கிறேன், அந்த ர மட்டும் வேண்டாம்’ங்கறான். ஒரு எழுத்துக்குக் காலைப் பிடிக்கிற ஆளை நீங்க பார்த்திருக்கீங்களா? ‘பிழை பிழைதான்யா’ன்னேன். ‘அப்போ வரியையே மாத்திடுங்க, கிட்ட வந்து சொன்னதடின்னு போட்டுக்கங்க’ன்னான். மேல் வரியில ‘வந்த கிளி’ன்னு இருக்கு, கீழே ‘கிட்ட வந்து’. கூறியது கூறல் குற்றமாயிடும்னேன். பிழையைத் திருத்தச் சொன்னா ஒளிஞ்சு போக வழி தேடுறியேன்னு கேட்டேன். ரகரத்தோடதான் அனுப்பினேன்.

தையலு அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்கூடப் பேசல. எதுக்குன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது.

அப்புறம் ஆண்டு விழா. பரிமளம் இரண்டாம் வகுப்பு. யாரு பேரு கொடுத்தாங்களோ, கிளிப்பாட்டைத் தனியாப் பாட அவளை மேடையில ஏத்திட்டாங்க. எனக்கு ஆச்சரியம். வீட்டுல வாய் திறக்காத பெண், இந்தப் பாட்டு இருபத்தி நாலையும் கடகடன்னு பாடுமாம், எனக்குத் தெரியவே தெரியாது. அவ டீச்சர் புதுப் புத்தகத்தை வெச்சுச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. மஞ்சப் பை ஒன்றைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்றா. மணி மாதிரி ஆரம்பிச்சா. மூணு வரி. நான் முன் வரிசையில உட்கார்ந்திருக்கேன், பக்கத்துல கல்வி அதிகாரி. ‘உங்க மகளா சார்?’னு கேட்டாரு. ‘ஆமா’ன்னேன். என் வாழ்க்கையில அப்படி ஒரு ‘ஆமா’ அதுக்கு முன்னாலயும் சொன்னதில்லை, பின்னாலயும் சொன்னதில்லை.

நாலாவது வரியில நிறுத்திட்டா. ‘என்னைப் பால்...’னா. மறுபடியும் ‘பால்...’னா. முன்னால உட்கார்ந்திருந்த பிள்ளைங்கள்ல ஒண்ணு ‘பால் வேணுமாடி?’ன்னு கத்திச்சு. பந்தல் முழுக்கச் சிரிப்பு. அவ என்னைத்தான் பார்த்தா. நான் உதட்டை அசைச்சுக் காட்டினேன், ‘பார்த்து, பார்த்து’ன்னு. ‘பால்...’னா. வாயை மூடிக்கிட்டா.

அப்போ அந்த முட்டாள் என்ன பண்ணினான் தெரியுமா? விசில் ஊதினான். விழா நடக்குது, அதிகாரி உட்கார்ந்திருக்காரு, ஓரத்துல நின்றுக்கிட்டு முழு மூச்சையும் பிடிச்சு ஊதினான். பிள்ளைங்க எல்லாம் பழக்க தோஷத்துல எழுந்து அட்டென்ஷன்ல நின்றுடுச்சுங்க. அதிகாரியே எழுந்துட்டாரு. ஒரு சத்தம் இல்லை. இவன் மேடையில ஏறி, அவ கையைப் பிடிச்சு, படி இறக்கிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். பெத்தவன் நான் இங்கே உட்கார்ந்திருக்கேன். எவ்வளவு திமிர் பாருங்க. மெமோ கொடுத்தாங்க அவனுக்கு, நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

அவன் பிழையா எழுதினதை அவ முதல்லயே மனப்பாடம் பண்ணிட்டா, அதான் சரியானதைச் சொல்லுறப்போ நாக்குத் தடுக்கிச்சு. ஒரு பிழை ஒரு குழந்தையை எப்படிக் கெடுக்கும்னு இதுக்கு மேல உதாரணம் வேணுமா? கட்டுரையில கடைசிப் பக்கத்துல இதையும் அப்புறமாச் சேர்த்திருக்கேன். பேரு போடல.

இரண்டாவது புத்தகம் எழுபத்தி ஆறுல வந்துச்சு. பிரிச்ச உடனே எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முதல் பாட்டே ‘டுர்ரு டுர்ரு காரு வருது, டிரைவர் யாரு? மல்லி, பாரு.’ எண்ணினேன், ஒரே பாட்டுல முப்பத்தேழு ரகரம். என் கட்டுரை எப்படி வேலை செஞ்சிருக்கு பார்த்தீங்களா? அச்சுல வராமலே அந்த ஆளைத் திருத்திடுச்சு. அதே வருஷம்தான் பரிமளத்துக்கும் ரகரம் வந்துச்சு. ஒரு நாள் காலையில அடுத்த வீட்டுக் கொல்லையில இருந்து ஓடி வந்து, வாசல்ல நின்று ‘டுர்ர்ர்ர்’னா. அவ அம்மா அடுப்படியில உட்கார்ந்து அழுதா. நான் அந்த வெண்பாவைச் சொல்லச் சொன்னேன். ‘பரியேறி’ன்னா. சுத்தமா. என் பயிற்சி வீண் போகல. கொஞ்சம் நாள் பிடிச்சுது, அவ்வளவுதான்.

இப்போ நாகப்பூர்ல இருக்கா. ரயில்வே ஆபீஸ். தொண்ணூற்றெட்டு தை மாசம் எனக்கு அறுபதாம் கல்யாணம், லீவு கிடைக்கலன்னு வரல. அதே வருஷம் புரட்டாசியில மாசிலாமணி செத்தான். அதுக்கு ரெண்டு நாள் ரயில்ல உட்கார்ந்து வந்தா. லீவு எங்கே இருந்து கிடைச்சுதுன்னு நான் கேட்கல. அந்தம்மா, அவன் பெண்டாட்டி, அவ கையில விசிலைக் கொடுத்திருக்கு. எச்சில் பட்ட பித்தளை, அதைப் புடவைத் தலைப்புல முடிஞ்சு எடுத்துக்கிட்டுப் போனா.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவா. நான் எடுத்தா ‘அம்மா இருக்காங்களா?’ன்னு கேட்பா. அவ்வளவுதான் பேச்சு. ஆனா அந்த ‘இருக்காங்களா’வுல ரகரம் எவ்வளவு சுத்தமா இருக்கும் தெரியுமா? நான் ஒவ்வொரு வாரமும் கவனிக்கிறேன்.

தையலு, அந்த மோரைக் கொண்டா, இவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. எடுத்துக்கங்கம்மா. என்ன தையலு? இல்லை, இவங்க மல்லியைத் தேடி வந்தாங்க, அப்படி ஒருத்தி இல்லைன்னு சொல்லிட்டேன். எல்லாம் பேசி முடிச்சாச்சு.

என்ன நம்பரு?

நீங்க எதுக்கும்மா எழுதிக்கிறீங்க? இருங்க. தையலு, நீ சொல்றது நாகப்பூர் நம்பரு. அது பரிமளம் நம்பரு. இவங்க கேட்டது மல்லியை. உனக்கு என்ன ஆச்சு?

கேட்டீங்களா என்ன சொல்றான்னு? ‘பலிமளம்னு சொல்லிட்டு அழுதுக்கிட்டே நிக்கும், பரிமளம்னா வாசனைதானே, உன்னை மல்லின்னு சொல்லிக்கோம்மான்னு அவர்தான் பேரு வெச்சாரு’ங்கறா. என் வீட்டுப் பெண்ணுக்குப் பேரு வைக்க அவன் யாரு?

பரிமளம்னா வாசனை. ஆமா. எனக்கே அர்த்தம் சொல்றாளா?

‘புள்ளைக்கு வாயில வராத எழுத்தை அவர் புஸ்தகத்துலயே சேக்கல’ங்கறா. ‘சேர்க்கல’ன்னு சொல்லணும். சேர்க்கல. புத்தகம் முழுக்க ஒன்றுகூட... ரெண்டு தடவை தேடினேன், அடிக்கோல் வெச்சு. மரம் இல்லை. சோறு இல்லை. ஞாயிறு இல்லை.

ஐம்பது வருஷமா ஏன்டி தையலு என்கிட்ட சொல்லல?

என்ன சொல்றா பார்த்தீங்களா. ‘இந்த வீட்டுல நீங்க யாரைப் பேச விட்டீங்க?’ங்கறா.

மோரைக் குடிங்கம்மா. உப்பு போதுமா?

‘ஏன்னு தோணலையா சார்’னு கேட்டாரு. கண்ணு கலங்கி இருந்துச்சு. வறுமைன்னு சொன்னேன். இதே கூடத்துலதான் காலைப் பிடிக்கிறேன்னாரு.

அந்தக் கவரை இப்படிக் கொடுங்க. இல்லை, போட வேண்டாம்னு சொல்லல. பதினாறு பக்கம், சாதாரண உழைப்பு இல்லை. தலைப்புல ஒரு குறை இருக்கு. எழுத்து வறுமைன்னு போட்டிருக்கேன், யாருக்குன்னு போடாம விட்டுட்டேன். கொடுங்கம்மா. ஒரு தடவை பாத்துட்டுத் தரேன்.

என்ன, ரெண்டு பேரும் என்னையே பாக்குறீங்க? நான் இப்போ என்ன சொல்லிட்டேன்?